கோப்புப் பரிமாற்றச் சர்வரும் கட்டாய அணுகல் கட்டுப்பாடும்: ஒரு மதிப்பாய்வு

முன்பின் தெரியாதவர்கள் வலைவழியே அனுப்பும் கட்டளைகளைக் கேட்டு, அவர்களுக்காக வட்டில் படிப்பதும் எழுதுவதுமே கோப்புப் பரிமாற்றச் சர்வரின் வேலை. அந்த நிரலே எதிரியின் கைக்குப் போய்விட்டால் சேதம் எந்த எல்லையில் நிற்கும்? இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. நிரலைச் சுத்தமாக எழுதினால் போதும் என்றது ஒரு தரப்பு. நிரலை ஒரு மூலையில் அடைத்துவிடலாம் என்றது இன்னொரு தரப்பு. நிரல் எப்படியும் ஒருநாள் உடையும். ஆகவே அது யார் பெயரில் ஓடினாலும் மீற முடியாத விதிகளை இயங்குதளமே விதிக்க வேண்டும் என்பது மூன்றாவது தரப்பு. கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்பது இந்த மூன்றாவது பதில்தான். இங்கே கூடுதல் கவனம் அதன் மீதே. மூன்றில் அதிகம் நம்பப்படுவதும் அதிகம் அணைத்து வைக்கப்படுவதும் அதுதான்.

சிக்கலின் பிறப்பிடம்

கோப்புப் பரிமாற்றத்துக்கான எஃப்டிபி நெறிமுறையின் முதல் வரைவு 1971 ஏப்ரலில் ஆர்எஃப்சி 114 என்ற எண்ணில் வெளியானது. எழுதியவர் அபய் பூஷண். ஐஐடி கான்பூரின் முதல் அணி மாணவர், அப்போது எம்ஐடியில் இருந்தார். இன்றும் அடிப்படையாக இருக்கும் ஆர்எஃப்சி 959 வந்தது 1985 அக்டோபரில். ஒன்றையொன்று நம்பிய ஆய்வகங்களுக்காகப் பிறந்த நெறிமுறை என்பதால் கடவுச்சொல்கூட அதில் மறைக்கப்படாமலே பயணிக்கிறது.

கடவுச்சொல்லைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. யுனிக்ஸ் மரபில் 1024-க்குக் கீழுள்ள போர்ட்களைத் திறக்க ரூட் அதிகாரம் வேண்டும். எஃப்டிபி 21-ஆம் போர்ட்டில் காத்திருக்கிறது. பழைய முறையில் தரவு இணைப்பை 20-இலிருந்து தொடுக்கிறது. உள்ளே வருபவரின் அடையாளத்துக்கு மாறவும் ரூட் வேண்டும். ஆக, வெளியாள் அனுப்பும் எழுத்துகளைப் பிரித்துப் படிக்கிற அதே நிரல் கணினியின் முழு அதிகாரத்தையும் கையில் வைத்திருந்தது.

விளைவு என்ன என்பதற்கு டபிள்யூயு-எஃப்டிபிடி ஒன்றே போதும். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்து 1990-களில் எங்கும் ஓடிய சர்வர் அது. 2000 ஜூனில் அதன் 'சைட் எக்ஸெக்' கட்டளையில் ஓட்டை வெளிப்பட்டது. பயனர் தட்டிய சரத்தை, அச்சிடும் செயற்கூறுக்கு வடிவமைப்புச் சரமாக அப்படியே கொடுத்திருந்தார்கள். அதற்குரிய குறிகளைச் சரத்தில் செருகினால் சர்வரின் நினைவகத்திலேயே எழுதலாம். 'அனானிமஸ்' என்று பெயர் கொடுத்து நுழைபவரே இப்படி ரூட் ஆகிவிட முடிந்தது. 2001 நவம்பரில் கோப்புப் பெயர்களை விரிக்கும் பகுதியில் இன்னொரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது.

யுனிக்ஸின் வழக்கமான அனுமதி முறை இங்கே கைகொடுக்கவில்லை. அதில் கோப்பின் உரிமையாளர் தன் விருப்பப்படி அனுமதி கொடுப்பார். ரூட்டுக்கோ எந்த அனுமதியும் தடையல்ல.

நல்ல நிரல் போதுமா

முதல் தரப்பின் மிகச் சிறந்த சாதனை விஎஸ்எஃப்டிபிடி. கிறிஸ் இவான்ஸ் எழுதிய இந்தச் சர்வர் வேலையை இரண்டாகப் பிரித்தது. அதிகாரமுள்ள சிறிய தாய்ச்செயல் ஒன்று. வெளியாளோடு பேசும், அதிகாரமற்ற சேய்ச்செயல் இன்னொன்று. சேய் கேட்கும் சில குறிப்பிட்ட உதவிகளை மட்டுமே, சரிபார்த்த பின், தாய் செய்து தரும். தேவைக்கு மேல் அதிகாரம் தராதே என்று சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-இல் எழுதிய கோட்பாட்டைச் செயலில் காட்டிய நிரல் இது.

அதற்கும் 2011 ஜூலையில் சோதனை வந்தது. நிரலில் பிழையில்லை, பதிவிறக்கத் தளத்தில் இருந்த 2.3.4 பொதியை யாரோ மாற்றிவிட்டிருந்தார்கள். பயனர் பெயரில் :) என்ற சிரிப்புக் குறி இருந்தால் 6200-ஆம் போர்ட்டில் ரூட் அதிகாரத்தோடு ஒரு ஷெல் திறந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2010 நவம்பர் இறுதியில், ப்ரோஎஃப்டிபிடி என்ற இன்னொரு சர்வரின் பொதிக்கும் இதே கதி நேர்ந்தது. நல்ல நிரல் என்ற வாதம், எழுதியவர் கையிலிருந்து நம் கணினிக்கு வந்துசேரும் வழிக்குப் பொறுப்பேற்பதில்லை.

அடைத்து வைத்தால்?

சிரூட் என்ற அழைப்பு 1979-இல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் வந்தது. ஒரு செயலுக்கு ஏதோ ஒரு கோப்புறையையே வட்டின் வேராகக் காட்டும். பாதுகாப்புக்காக அது பிறந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் எஃப்டிபி நிர்வாகிகள் அதைச் சிறையாகவே பயன்படுத்தினார்கள். ரூட் அதிகாரம் மிச்சமுள்ள செயல் அதிலிருந்து வெளியேறும் வழிகள் பலரும் அறிந்தவை.

இந்தச் சிறையின் பலவீனத்தை 2011 டிசம்பரில் வெளியான 'ரோரிங் பீஸ்ட்' தாக்குதல்போல் தெளிவாகக் காட்டியது வேறில்லை. ஃப்ரீபிஎஸ்டியின் எஃப்டிபி சர்வரையும், அதே தளத்தில் ஓடிய ப்ரோஎஃப்டிபிடியையும் அது குறிவைத்தது. பயனருக்குத் தன் சிறையின் வேர்க் கோப்புறையில் எழுத அனுமதி உண்டு. அவர் அங்கே அமைப்புக் கோப்புகளுக்கும் நூலகங்களுக்கும் உரிய பெயர்களில் கோப்புறைகளை உருவாக்கி, தான் தயாரித்த ஒரு நூலகக் கோப்பை ஏற்றிவைக்கிறார். சிறைக்குள் இருந்தபடி சி நூலகத்தின் சாதாரண செயற்கூறு ஒன்றைச் சர்வர் அழைக்கும்போது, அது பயனர் வைத்த நூலகத்தைத் தேடி எடுத்து, ரூட் அதிகாரத்தோடு இயக்குகிறது. வேர் எது என்பதை மாற்றியதே இங்குத் தாக்குதலுக்கு வழியாகிவிட்டது. விஎஸ்எஃப்டிபிடி 2.3.5 முதல், எழுதக்கூடிய வேருள்ள சிறையில் ஓட மறுத்தது. புதிதாகச் சர்வர் அமைப்பவர்கள் இன்றும் அந்த மறுப்புச் செய்தியில் தடுக்கி விழுகிறார்கள். பலர் காரணத்தைப் படிக்காமலே அதை அணைக்கும் வரியை அமைப்புக் கோப்பில் ஒட்டிவிடுகிறார்கள்.

ஃப்ரீபிஎஸ்டி 4.0-இல், 2000-இல் வந்த 'ஜெயில்' இதைவிட உறுதியானது. இருந்தாலும் அடைத்துவைக்கும் முறைகள் எல்லாம் உள்ளே, வெளியே என்ற ஒரே கோட்டைத்தான் போடுகின்றன. உள்ளே எது எதைத் தொடலாம் என்பதை அவை சொல்வதில்லை.

ராணுவத்திலிருந்து வந்த பதில்

மூன்றாவது பதிலின் வேர் அமெரிக்க விமானப்படை. ஒவ்வொரு அணுகலையும் தவிர்க்க முடியாத ஒரு மேற்பார்வை மையத்தின் வழியே விட வேண்டும் என்று ஜேம்ஸ் ஆண்டர்சனின் 1972 அறிக்கை சொன்னது. 1973-இல் மைட்டர் நிறுவனத்தின் டேவிட் பெல்லும் லியோனார்ட் லாபடுலாவும் இதைக் கணித வடிவில் எழுதினார்கள். ரகசியத் தரம் குறைந்தவர் மேலே உள்ளதைப் படிக்கக் கூடாது. தரம் கூடியவர் கீழே எழுதக் கூடாது. கென்னத் பீபா இதைத் தலைகீழாக்கி, நம்பகம் குறைந்தது நம்பகம் கூடியதைக் கெடுக்கக் கூடாது என்றார். 1983-இன் 'ஆரஞ்சு புத்தகம்' பெல், லாபடுலா வழியிலான ரகசியக் கட்டுப்பாட்டை அரசுத் தரநிலையாக்கியது. இவை அனைத்துக்கும் பொதுவானது ஒன்று: விதியைக் கோப்பின் உரிமையாளரோ ரூட்டோ தளர்த்த முடியாது.

தரப்படிகள் ராணுவத்துக்குப் பொருந்தின. கோப்புச் சர்வருக்கு அவை சரிப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வாங்குவதும் வெளியே கொடுப்பதும்தான் அதன் தொழில். மேல், கீழ் என்ற ஏணியில் அதை நிறுத்த இடமில்லை. வழி காட்டியது போபெர்ட்டும் கெயினும் 1985-இல் முன்வைத்த வகைவழிக் கட்டுப்பாடு. செயல்களுக்கு ஒரு களப்பெயர், கோப்புகளுக்கும் போர்ட்களுக்கும் ஒரு வகைப்பெயர், இரண்டுக்கும் இடையே ஓர் அட்டவணை. அட்டவணையில் இல்லாதது எதுவும் நடக்காது.

அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை, யூட்டா பல்கலைக்கழகம் முதலியோர் உருவாக்கிய ஃப்ளாஸ்க் கட்டமைப்பு வழியாக இந்தக் கருத்து லினக்ஸுக்கு வந்தது. அதன் வடிவமான எஸ்இலினக்ஸ் 2000 டிசம்பரில் வெளியானது, 2003-இல் 2.6 கெர்னலின் பகுதியானது. அதன் ஆசிரியர்கள் 1998-இலேயே எழுதிய கட்டுரை ஒன்றின் வாதம் இங்கே நினைவுகூரத்தக்கது: இயங்குதளத்தின் ஆதரவில்லாமல் பயன்பாட்டு நிரலில் மட்டும் கட்டும் பாதுகாப்பு தோற்றே தீரும்.

சர்வரைச் சுற்றி எழுதப்பட்ட அட்டவணை

எஸ்இலினக்ஸ் கொள்கையில் எஃப்டிபி சர்வர் தனக்கென ஒரு களத்தில் ஓடுகிறது. பொதுவில் படிக்கத் தரும் கோப்புகளுக்கு ஒரு வகை. பதிவேற்றம் அனுமதிக்கப்பட்டவற்றுக்கு இன்னொரு வகை. பரிமாற்றப் பதிவேட்டுக்கு வேறொன்று. சர்வர் ரூட்டாக ஓடினாலும் இவற்றுக்கு வெளியே பெரும்பாலான இடங்களில் அதற்கு எழுத்துரிமை இல்லை. கடவுச்சொல் சுருக்கங்கள் உள்ள கோப்பை அது நேரடியாகத் திறப்பதில்லை. சரிபார்க்கும் வேலை தனிக் களத்தில் ஓடும் ஒரு சிறு உதவி நிரலுக்குப் போகிறது. ஆம், இல்லை என்ற பதில் மட்டுமே திரும்பி வருகிறது. டபிள்யூயு-எஃப்டிபிடி காலத்தில் ஒரே நொடியில் பறிபோன முழு அதிகாரம், இங்கே பறிபோனாலும் சில கோப்புறைகளுக்குள் சுருங்கிவிடுகிறது. கட்டாயக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவான மிக வலுவான சான்று இதுதான். இதைக் குறைத்து மதிப்பிட நியாயமில்லை.

தளத்துக்குத் தளம் தேவை மாறும் என்பதால் அட்டவணையின் சில பகுதிகள் சுவிட்ச்களாக வைக்கப்பட்டன. பயனர்களின் வீட்டுக் கோப்புறைகளைத் தொட ஒன்று, அனானிமஸ் பதிவேற்றத்துக்கு ஒன்று, என்எஃப்எஸ் வட்டுகளுக்கு ஒன்று. முழு அணுகல் என்று ஒன்றும் உண்டு. அதைப் போட்டால் கடவுச்சொல் சுருக்கங்கள் போன்றவை நீங்கலாக ஏறக்குறைய எல்லாக் கோப்புகளும் சர்வருக்குத் திறந்துவிடும். காவல் இருப்பதாகப் பதிவேடு சொல்லும். கோப்புகளைப் பொறுத்தவரை காவல் இருக்காது.

லேபிளா, பாதையா

இம்யுனிக்ஸ் நிறுவனத்தில் 1990-களின் இறுதியில் தொடங்கி, 2005-இல் நோவெல் வாங்கிய ஆப்ஆர்மர் வேறு வழியில் சென்றது. அது எஸ்இலினக்ஸ்போல் கோப்பில் வகைப்பெயரை லேபிளாக ஒட்டுவதில்லை. இந்த நிரல் இந்தப் பாதையில் உள்ளதைப் படிக்கலாம், எழுதலாம் என்று ஓர் உரைக்கோப்பில் எழுதினால் போதும். லேபிள் கட்சியினரின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஒரே கோப்புக்குப் பல பாதைகள் இருக்கலாம், பெயர் மாறலாம், வட்டை வேறிடத்தில் இணைக்கலாம். பாதையைக் காப்பது பொருளைக் காப்பதாகாது என்றார்கள். பல ஆண்டு வாதத்துக்குப் பின் 2010-இல் 2.6.36 கெர்னலில் ஆப்ஆர்மரும் இடம்பெற்றது.

கோட்பாட்டளவில் லேபிள் கட்சியே வலுவானது என்று தோன்றுகிறது. ஆனால் கோப்புச் சர்வர் நிர்வாகி அன்றாடம் மல்லுக்கட்டுவது லேபிளோடுதான். வீட்டுக் கோப்புறையிலிருந்து ஒரு கோப்பைப் பொதுக் கோப்புறைக்கு அதே வட்டில் நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வரும். நகலெடுத்தால் புதிய இடத்தின் லேபிள் கிடைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அனுமதி எண்களும் ஒன்றுதான். ஒன்று பதிவிறங்கும், மற்றது இறங்காது. பாதையைப் பார்க்கும் ஆப்ஆர்மரில் இந்தத் தொல்லை கிடையாது. அதன் குறை வேறு: விஎஸ்எஃப்டிபிடிக்கான அதன் விதிக்கோப்பு வெகுகாலமாகக் கூடுதல் மாதிரிகளின் கட்டில்தான் கிடக்கிறது. நிர்வாகி தானே எடுத்து அமலாக்காதவரை சர்வர் காவலின்றியே ஓடும்.

எங்கெல்லாம் கசிகிறது

முதல் கசிவு மனிதர் வழி. ஃபெடோரா கோர் 2 என்ற லினக்ஸ் விநியோகம் வெளியான 2004-இல் எல்லா நிரல்களையும் கட்டுப்படுத்திய கண்டிப்பான கொள்கை பயனர்களை வாட்டியது. ஃபெடோரா கோர் 3-இல் குறிப்பிட்ட சேவைகளை மட்டும் கட்டுப்படுத்தும் சமரசம் வந்தது. எஃப்டிபி போன்ற சேவைகளுக்கு இன்றுள்ள காவல் அந்தச் சமரசத்தின் பிள்ளை. அப்படியும் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 5, 6 காலத்தில் சர்வர் அமைத்த எவருக்கும் '500 ஊப்ஸ்: கோப்புறைக்குள் செல்ல முடியவில்லை' என்ற பொருளில் வரும் செய்தி பழக்கம். காரணம் வீட்டுக் கோப்புறை சுவிட்ச். செய்தியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. ஆகவே எஸ்இலினக்ஸையே அணை என்பது ஊரறிந்த வைத்தியமானது. அணைக்காதீர்கள் என்று வேண்டுவதற்கென்றே ஒரு வலைத்தளம் தோன்றியது. ரெட் ஹாட்டின் டான் வால்ஷ் எஸ்இலினக்ஸை விளக்க வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றே எழுதினார்.

இரண்டாவது, நெறிமுறையே ஒத்துழைப்பதில்லை. இன்று பெரும்பாலான எஃப்டிபி இணைப்புகள் பாஸிவ் முறையில் நடக்கின்றன. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் சர்வர் உயர் எண்ணுள்ள புதிய போர்ட் ஒன்றைத் திறக்கிறது. இதற்கு இடம் கொடுத்தால் போர்ட் விதி தளர்ந்துதான் ஆக வேண்டும். விஎஸ்எஃப்டிபிடியின் திருட்டுக் கதவு 6200-ஐத் திறப்பதை எஸ்இலினக்ஸ் தடுத்திருக்குமா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. அந்த நாளின் கொள்கைப் பதிப்பையும் சுவிட்ச்களையும் பொறுத்தது அது. கொள்கை அமலில் இருந்தால் திறந்த ஷெல்லும் சர்வரின் களத்துக்குள்ளேயே நின்றிருக்கும் என்பது வரை சொல்லலாம்.

மூன்றாவது நுட்பமானது. ப்ரோஎஃப்டிபிடியின் நகலெடுக்கும் கூறில் 2015-இல் வெளிப்பட்ட ஓட்டை, லாகின் செய்யாதவரும் சர்வரில் உள்ள கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுக்க விட்டது. தாக்குபவர்கள் பிஎச்பி வரிகளை வலைத்தளக் கோப்புறையில் கொண்டுவந்து வைத்தார்கள். வலைத்தளக் கோப்புகளின் வகையில் எஃப்டிபி களத்துக்கு எழுத்துரிமை இல்லாததால் எஸ்இலினக்ஸின் இயல்பான கொள்கை இதைத் தடுக்கும். ஆனால் பல நிர்வாகிகள் எஃப்டிபி வழியே வலைத்தளத்தைப் புதுப்பிப்பவர்கள். அதற்காகவே அபாச்சி, சாம்பா, எஃப்டிபி எல்லாம் பகிரும் பொது வகை ஒன்று இருக்கிறது. அதில் எஃப்டிபி எழுதலாம், அபாச்சி படிக்கலாம். பிஎச்பிக்கோ படிப்பதும் இயக்குவதும் ஒன்றே. கொள்கை ஒரு வரிகூட மீறப்படாமல் தாக்குதல் நிறைவேறும்.

நான்காவது, சர்வரின் பயனர்களுக்கு இடையே காவல் இல்லை. நூறு வாடிக்கையாளரின் கோப்புகளும் ஒரே வகை, அவர்களுக்காக ஓடும் செயல்களும் ஒரே களம். சத்திரத்துக்குக் காவலாளி போட்டாயிற்று. உள்ளே தங்கியிருப்பவர்களின் பெட்டிகளுக்குப் பூட்டு அவரவர் பொறுப்பு. மெய்நிகர் கணினிகளுக்கு 2009-இல் வந்த எஸ்விர்ட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிரிவு எண் கொடுத்து இதைத் தீர்த்தது. எஃப்டிபி பயனர்களுக்கும் அப்படிச் செய்ய முடியாததல்ல. வழக்கமான விநியோகங்களில் அது தயாராக வருவதில்லை.

ஐந்தாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எஃப்டிபி பழசு, எஸ்எஃப்டிபிக்கு மாறுங்கள் என்பதே இன்றைய பொது அறிவுரை. 2021-இல் ஃபயர்பாக்ஸும் குரோமும் எஃப்டிபியைக் கைவிட்டன. மறைகுறியீட்டுக்காக இந்த மாற்றம் சரியே. ஆனால் எஸ்எஃப்டிபி என்பது எஸ்எஸ்எச் லாகின். இயல்பான கொள்கையில் சாதாரணப் பயனரின் லாகின் பொதுவாகக் கட்டுப்பாடற்ற களத்தில் விழுகிறது. எஃப்டிபி சர்வரைச் சுற்றி இருபது ஆண்டுகளாகச் செதுக்கிய அட்டவணை அங்கே பின்தொடர்வதில்லை. 2008 முதல் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் உள்ள சிரூட் வசதியை நம்பியே பலர் இருக்கிறார்கள். அதாவது மூன்றாம் பதிலிலிருந்து இரண்டாம் பதிலுக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

கடைசியாக, காவலும் காக்கப்படுவதும் ஒரே கெர்னலில்தான் இருக்கின்றன. 2016-இன் டர்ட்டி கவ் போன்ற கெர்னல் ஓட்டைகள் முன்னே அட்டவணை நிற்காது. 2009-இல் நடந்தது இன்னும் கசப்பு. நினைவகத்தின் பூஜ்யப் பக்கத்தை யாரும் பிடிக்கக் கூடாது என்ற கெர்னலின் பொதுத் தடையை, எஸ்இலினக்ஸின் அன்றைய கொள்கை கட்டுப்பாடற்ற களத்துக்குத் தளர்த்தி வைத்திருந்தது. அந்தப் பக்கத்தைப் பிடித்து நடத்தும் தாக்குதலுக்கு எதிராக, காவலை அணைத்து வைத்த கணினியே அதிகப் பாதுகாப்பானது என்றானது. பின்னர் இது திருத்தப்பட்டது.

விதியை எழுத வேண்டியவர் யார்

லேபிள், பாதை வாதத்தைவிட முக்கியமான பிளவு இங்கே இருக்கிறது. கட்டாயக் கட்டுப்பாட்டில் விதியை எழுதுபவர் விநியோகத்தின் கொள்கையாளர் அல்லது நிர்வாகி. நிரல் எதைத் தொடும் என்று நன்றாக அறிந்தவரோ அதை எழுதியவர். ஓப்பன்பிஎஸ்டியின் 'பிளெட்ஜ்', லினக்ஸின் 'செக்காம்ப்', 2021-இல் 5.13 கெர்னலில் வந்த 'லேண்ட்லாக்' ஆகியவை நிரலே தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் முறைகள். விஎஸ்எஃப்டிபிடி 3.0 கூட 2012-இல் செக்காம்ப் காவலைச் சேர்த்தது. பின்னர் சில கணினிகளில் நூலகங்கள் புதிய அழைப்புகளைச் செய்யத் தொடங்க, இணைப்புகள் முறிந்தன. மறுபடியும் அணைத்துவிடு என்பதே பரவலான வைத்தியம். விதியை எழுதும் கை மாறினாலும் நோய் மாறவில்லை. தவிர, தன்னைத் தானே கட்டும் முறை மாற்றப்பட்ட பொதிக்கு எதிராக எதுவும் செய்யாது. திருட்டு வரியைச் செருகியவர் கட்டையும் அவிழ்த்துவிடலாம். வெளியிலிருந்து விதிக்கும் கட்டாயக் கட்டுப்பாடு இந்த இடத்தில் தெளிவாக மேலானது.

திறந்திருக்கும் கேள்விகள்

2023 மே இறுதியில் மூவ்இட் டிரான்ஸ்ஃபர் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளின் எஸ்கியூஎல் ஓட்டை வழியே க்ளாப் என்ற இணையக் குற்றக் கும்பல் ஏராளமான நிறுவனங்களின் தரவைத் திருடியது. விண்டோஸில் ஓடும் மென்பொருள் அது. விண்டோஸிலும் விஸ்டா காலத்திலிருந்து பீபா சாயலில் நம்பகத் தரப்படிகள் உண்டு. சேவைகள் உயர்படியிலேயே ஓடுவதால் இங்கே அவை பெரிதாக உதவுபவை அல்ல. கூர்மையான வகைவழிக் கொள்கை இருந்திருந்தால், தாக்கியவர்கள் வலைக் கோப்புறையில் ஒரு நிரல்கோப்பை வைத்ததைத் தடுத்திருக்கலாம். ஆனால் திருடப்பட்ட கோப்புகளைப் படித்துக் கொடுப்பதே அந்த மென்பொருளுக்கு அனுமதிக்கப்பட்ட வேலை. எந்தக் களமும் வகையும் அந்தப் படிப்பை மறுத்திருக்காது.

கட்டாயக் கட்டுப்பாடு கணினியைச் சர்வரிடமிருந்து காக்கப் பிறந்தது. சர்வரிடம் ஒப்படைத்த தரவைச் சர்வரிடமிருந்து காக்க அல்ல. 2000-இல் தாக்குபவருக்கு ரூட் வேண்டியிருந்தது. இன்று பலருக்கு ரூட் வேண்டாம், கோப்புகள் போதும். பயனர்வாரியாகப் பிரிவு எண் கொடுப்பது ஒரு திசை, எஸ்எஃப்டிபி அமர்வுகளுக்கும் கட்டுண்ட களம் தருவது இன்னொன்று, தேவை முடிந்த கோப்பைச் சர்வரில் வைக்காமலிருப்பது மூன்றாவது. முதல் இரண்டையும் நிர்வாகிகள் அணைத்துவிடாத எளிமையோடு தர முடியுமா என்பதற்கு இதுவரை உறுதியான விடை இல்லை. மூன்றாவதற்குக் கெர்னலின் உதவியே தேவையில்லை.

கோப்புச் சர்வர் ஒன்று உங்கள் பொறுப்பில் இருந்தால் எஸ்இலினக்ஸோ ஆப்ஆர்மரோ அமலில் வைத்தே ஓட்டுங்கள். முழு அணுகல் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது, எஸ்எஃப்டிபியில் நுழைபவர் எந்தக் களத்தில் விழுகிறார் என்ற இரண்டையும் இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.